கொரிய வரலாற்றுத் தேர்வும் பத்திரிகைக்காரர்களும்

வேலை, ஆராய்ச்சி என்று கொரியாவுக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்களில் சிலர், மொழித் தேர்வு முடிந்த கையோடு கொரிய வரலாற்றுத் திறனறித் தேர்வையும் எழுதுகிறார்கள். அரசின் தேசிய வரலாற்று நிறுவனம் நடத்தும் தேர்வு, வெளிநாட்டவரும் எழுதலாம். உயர்நிலைத் தாளில் 50 கேள்விகள், 80 நிமிடம், கேள்விக்கு ஐந்து ஆப்ஷன். 80 மதிப்பெண்ணைத் தொட்டால் முதல் தரம். முழுப் பாடத்துக்கும் வழிகாட்ட எனக்குத் தெம்பில்லை. பத்திரிகைகள், பத்திரிகையாளர்கள் என்ற ஒரு பகுதியை மட்டும் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். நம் ஆட்கள் பலர் ஒன்று மனப்பாடம் செய்து குழம்புவதும், இல்லையென்றால் தொடாமலே விடுவதும் இந்தப் பகுதியைத்தான்.

எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் ஒரு அட்டவணை இருக்கும். இடப்பக்கம் பத்திரிகையின் பெயர், வலப்பக்கம் ஆண்டும் சிறப்பும். அதை உருப்போட்டுக்கொண்டு போனால் தேர்வு அறையில் ஏன் திணறுகிறோம் என்றால், தவறான ஆப்ஷன்களில் பொய் கிடையாது. ஐந்துமே நடந்த செய்திதான். நான்கு வேறு பத்திரிகைக்கு உரியவை. "தனி ஹங்குலில் (கொரியாவின் சொந்த எழுத்தில்) வந்தது", "வணிக விளம்பரத்தை முதன்முதலில் வெளியிட்டது", "தேசக் கடன் அடைப்பு இயக்கத்துக்குத் துணை நின்றது" என்று வரிசையாக வரும்போது எல்லாமே படித்த மாதிரிதான் இருக்கும். அட்டவணையை இரண்டாம் பட்சமாக்கிவிட்டு, ஆட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்திரிகை பல மூடப்பட்டன. நடத்தியவர்கள் அடுத்த பாடத்தில் வேறு வேஷத்தில் வந்து நிற்பார்கள்.

முதல் இரண்டு பத்திரிகைகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 1883-இல் வந்த ஹான்சோங் சுன்போ அரசு அச்சகத்தின் வெளியீடு, பத்து நாளுக்கு ஒன்று, முழுக்கச் சீன எழுத்து. 1886-இல் வந்த ஹான்சோங் ஜுபோ வார இதழ். அந்த விளம்பரக் கேள்விக்கு விடை இதுதான்.

சோ ஜே-பிலில் இருந்து நிதானமாகப் படியுங்கள். சீர்திருத்தக்காரர்கள் ஆட்சியைப் பிடிக்க 1884-இல் நடத்திய காப்சின் அரண்மனைக் கலகத்தில் கலந்துகொண்ட இருபது வயது இளைஞர். கலகம் தோற்றது, குடும்பம் அழிந்தது, அவர் அமெரிக்காவுக்குத் தப்பினார். அங்கே குடியுரிமை பெற்றார், மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1896 ஏப்ரல் 7 அன்று தொங்னிப் சின்முன் இதழைத் தொடங்கினார். மூன்று பக்கம் ஹங்குல், ஒரு பக்கம் ஆங்கிலம். சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு அச்சிட்டார்கள். ஏப்ரல் 7 இன்றும் கொரியாவில் பத்திரிகை நாள். அதே ஆண்டில் எழுந்த சுதந்திரக் கழகம், சுதந்திர வாயில், பின்னர் நடந்த பொதுமக்கள் கூட்டங்கள் எல்லாம் இவரைச் சுற்றிய கேள்விகள். தொடக்கச் செலவுக்கு அரசுப் பணமும் உதவியது என்பதைச் சேர்த்து நினைவில் வைத்தால், 1898-இல் அரசு கழகத்தைக் கலைத்ததும் இதழும் ஏன் தள்ளாடியது என்பது தானே புரியும்.

1898-இல் பிறந்தவற்றில் முக்கியமானவை இரண்டு. கன்பூசியக் கல்வி கற்றவர்களுக்காகச் சீன எழுத்தும் ஹங்குலும் கலந்து வந்தது ஹ்வாங்சோங் சின்முன். பெண்களும் எளிய மக்களும் படிக்கத் தனி ஹங்குலில் வந்தது ஜேகுக் சின்முன். தனி ஹங்குல் என்றதும் தொங்னிப் சின்முன் மீது கை வைக்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள்.

1905 நவம்பர் மாதத்தை மட்டும் நாள் நாளாகப் படித்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 17-ஆம் தேதி ஜப்பான் கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறித்த உல்சா ஒப்பந்தம். 20-ஆம் தேதி ஹ்வாங்சோங் சின்முன் இதழில் ஜாங் ஜி-யோன் ஓலமிட்டு எழுதிய தலையங்கம். தணிக்கைக்குக் காட்டாமலே அச்சிட்டார்கள். ஆசிரியர் கைது, பத்திரிகைக்குத் தடை. அந்தத் தலையங்கத்தை எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் எர்னஸ்ட் பெத்தல். ரஷ்ய-ஜப்பானியப் போரைப் பற்றிச் செய்தி அனுப்ப 1904-இல் வந்த பிரிட்டிஷ்காரர். கொரியர்களுக்கு பே சோல். யாங் கி-தாக்குடன் சேர்ந்து தேஹான் மேயில் சின்போ இதழைத் தொடங்கினார். பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் ஜப்பானியத் தணிக்கை அவரை நேரடியாகத் தொட முடியவில்லை. ஜப்பானை எதிர்த்த ஆயுதக் குழுக்களின் செய்தியும், ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்ற அரசர் கோஜோங்கின் கடிதமும் அதில்தான் வந்தன. ஜப்பானிடம் பட்ட கடனை மக்களே பணம் திரட்டி அடைக்க 1907-இல் தேகு நகரில் தொடங்கிய தேசக் கடன் அடைப்பு இயக்கத்துக்கும் அந்த இதழ்தான் குரல். ஜப்பான் என்ன செய்தது? பிரிட்டனை நெருக்கி அவரைப் பிரிட்டிஷ் தூதரக நீதிமன்றத்திலேயே நிறுத்தியது. 1908-இல் ஷாங்காயில் மூன்று வாரச் சிறை. யாங் கி-தாக் மீது இயக்கப் பணத்தைக் கையாடினார் என்று வழக்கு. குற்றமற்றவர் என்று விடுதலை. 1909 மே மாதம் பெத்தல் இறந்தபோது வயது 36. சியோலில் யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் கல்லறை வாசகத்தை எழுதியவர் ஜாங் ஜி-யோன். ஜப்பானியர் அதைச் செதுக்கி அழித்தார்கள். 1964-இல் பத்திரிகையாளர்கள் அருகில் வேறொரு கல் நட்டார்கள். ஹாப்ஜோங் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கையேட்டின் பத்து பக்கத்தைவிட அங்கே கழித்த ஒரு மாலை எனக்குப் பயன்பட்டது.

ஜாங் ஜி-யோன் கதை தேர்வுக்கு 1905-உடன் முடிந்துவிடும். வாழ்க்கையில் முடியவில்லை. கொரியா ஜப்பானிய ஆட்சியில் (1910-1945) இருந்தபோது அவர் எழுதியவற்றுக்காக, 2009-இல் வெளியான ஜப்பான் ஆதரவாளர் அகராதியில் அவர் பெயரும் சேர்ந்தது. கொரிய நண்பர்களிடம் அவரைப் புகழும் முன் இது தெரிந்திருப்பது நல்லது.

ஆட்களைப் பிடிக்கச் சொன்னதன் பலன் ஷின் சே-ஹோவிடம் தெரியும். 1908-இல் தேஹான் மேயில் சின்போவில் வரலாற்றுத் தொடர் எழுதியவர். 1923-இல் உய்யோல்தான் என்ற ஆயுதப் போராட்டக் குழுவுக்குக் கொரியப் புரட்சி அறிக்கையை எழுதிக் கொடுத்தார். 1936-இல் லூஷுன் சிறையில் இறந்தார். கேள்வி பத்திரிகைப் பகுதியில் வரலாம், வரலாற்றியலில் வரலாம், ஆயுதப் போராட்டத்தில் வரலாம், ஆள் ஒருவர்தான். பாக் உன்-சிக்கும் அப்படியே: ஹ்வாங்சோங் சின்முன் எழுத்தாளர், நாட்டின் துயரத்தை வரலாறாக எழுதியவர், விடுதலைக்குப் போராடிய கொரியர்கள் ஷாங்காயில் அமைத்த தற்காலிக அரசின் இரண்டாம் அதிபர் (1925).

ஜப்பானிய ஆட்சியை எதிர்த்து மக்கள் திரண்ட 1919 மார்ச் எழுச்சிக்குப் பின் ஜப்பான் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டியதில் 1920-இல் சோசுன் இல்போவும் தொங்-ஆ இல்போவும் வந்தன. எழுத்தறிவு இயக்கங்களை ஒன்றோடொன்று கலக்காதீர்கள்: 1929-இல் தொடங்கியது சோசுன், 1931-இல் விநாரோத் என்ற ரஷ்யப் பெயரில் தொடங்கியது தொங்-ஆ. சோசுன் இல்போவின் தலைவராக இருந்த யி சாங்-ஜே, 1927-இல் இடதும் வலதும் கூடிய சின்கான்ஹ்வே அமைப்பின் முதல் தலைவர். அதே பத்திரிகையின் ஆன் ஜே-ஹோங், பலமுறை சிறை சென்றவர், 1947-இல் அமெரிக்க ராணுவ ஆட்சியின் கீழ் குடிமை நிர்வாகத் தலைவர். சோசுன் ஜுங்காங் இல்போவின் தலைவர் யோ உன்-ஹியோங். 1945 ஆகஸ்ட் 15 அன்று நாடு அமைக்கும் ஆயத்தக் குழுவைத் தொடங்கியவரும், மறு ஆண்டு இடது-வலது ஒற்றுமைக்கு முயன்றவரும், 1947 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டவரும் அவரே. 1936 பெர்லின் மாரத்தானில் வென்ற சோன் கி-ஜோங்கின் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை அழித்துப் படம் போட்டவை தொங்-ஆவும் இந்த ஜுங்காங்கும். கேள்வியில் பெரும்பாலும் தொங்-ஆ மட்டுமே வரும். என்னைக் கேட்டால் அது ஜுங்காங்குக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பத்திரிகை அதன்பின் எழவே இல்லை.

1945-க்குப் பிறகு தேர்வில் பத்திரிகையாளர்கள் குறைந்துவிடுகிறார்கள். ஆனாலும் நான்கு ஆண்டுகளை விடாதீர்கள். 1961: மின்ஜோக் இல்போ தலைவர் சோ யோங்-சு ராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார், 2008-இல் மறுவிசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 1974: தொங்-ஆ நிருபர்கள் சுதந்திரப் பத்திரிகைப் பிரகடனம் வெளியிட, நெருக்கடியில் விளம்பரதாரர்கள் விலக, காலியான இடங்களை வாசகர்கள் சிறு விளம்பரங்களால் நிரப்பினார்கள். அடுத்த மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஆசிரியர் சோங் கோன்-ஹோ தானே விலகினார். 1987: போலீஸ் விசாரணையில் மாணவர் பாக் ஜோங்-சோல் இறந்ததை ஜுங்காங் இல்போ (பழைய சோசுன் ஜுங்காங் அல்ல, வேறு பத்திரிகை) வெளியிட்டது, ஜனநாயகம் கேட்டு மக்கள் நடத்திய ஜூன் எழுச்சியின் முதல் கண்ணி அதுதான். 1988: பொதுமக்கள் பங்குப் பணத்தில் ஹான்கியோரே பிறந்தது. முதல் தலைவர் அதே சோங் கோன்-ஹோ.

பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்களே போதும். தேர்வு இணையதளத்தில் விடையோடு இலவசமாகக் கிடைக்கும். சரியான விடையை வட்டமிட்டு நகராமல், மீதி நான்கு ஆப்ஷனுக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று பெயர் எழுதுங்கள். பத்திரிகை கேட்டால் ஆள் பெயர், ஆள் கேட்டால் அவர் பத்திரிகை. கேள்விகள் கால வரிசையில் வருவதால் இந்தப் பகுதி தாளின் பாதியைத் தாண்டித்தான் வரும். பழங்காலக் கல்வெட்டுகளும் மன்னர் பெயர்களும் நம்மைப் போன்றவர்களின் நேரத்தை விழுங்கிவிடும் என்பதால், நான் கடைசிக் கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கி வந்தேன். விடைத்தாளில் எண் மாறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.