திருவனந்தபுரம் போற அன்னைக்கு உடம்பு சரியில்லைன்னா

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து திருவனந்தபுரம் சுத்திப் பாக்கப் போறவங்க கவனத்துக்கு. வயிறு சரியில்லை, லேசா காய்ச்சல்னா பத்மநாபசுவாமி கோயிலை இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுங்க. ஆம்பிளைங்க சட்டையில்லாம வேட்டியோட, வெறுங்காலோட வரிசைல நிக்கணும்; தளர்ந்த உடம்புக்கு அது பெரும்பாடு. பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் இருக்க தம்பானூர்ல இறங்கி ஆட்டோ பிடிச்சு நேப்பியர் மியூசியம் போங்க. நிழல் இருக்கு, உக்காரலாம். அதே வளாகத்துல இருக்க மிருகக்காட்சி சாலையில ஏத்த இறக்கம் ஜாஸ்தி, விட்டுருங்க. திங்கக்கிழமை ரெண்டுமே லீவு.

வயித்துப்போக்குன்னா ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் தண்ணில கலக்கணும். பலபேர் ஒரு டம்ளர்ல பாதிப் பாக்கெட்டைக் கொட்டுறாங்க. கரைசல் கெட்டியானா போக்கு கூடும். கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, 24 மணி நேரம் தாண்டினா கொட்டிருங்க.

ஹோட்டல்ல தர்ற இளஞ்சிவப்புப் பதிமுகத் தண்ணி (பதிமுக மரத்துண்டு போட்டுக் காய்ச்சினது) நல்லதுதான். ஆனா ஆவி பறக்கணும். வெதுவெதுப்பா வந்தா பச்சைத் தண்ணி கலந்திருக்கலாம், கேட்டுட்டுக் குடிங்க.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்குவா இருந்தா இபுப்ரோஃபென்ங்கிற வலி மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும். வாந்தி நிக்கலை, மூத்திரம் குறையுதுன்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.