ஒக்கி புயலுக்குப் பிறகு தோட்டத்தில் மரம் அகற்றிய அனுபவம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து போனபோது, சேதம் எல்லாம் நாகர்கோவில் பக்கம்தான் என்று வெளியூர் உறவினர்கள் நினைத்தார்கள். எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தையும் காற்று விட்டுவைக்கவில்லை. களக்காட்டு வட்டாரத்தில் குலை தள்ளிய ஏத்தன் (நேந்திரன்) வாழைகள் படுத்துவிட்டன. எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்து வேம்பு மாட்டுத் தொழுவத்தின் மேல் சாய்ந்தது, தென்னைகளும் விழுந்தன.

காற்று எங்களுக்குப் புதிதல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற ஆடிக்காற்றை நம்பித்தானே இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்! ஆனால் அது மேற்கிலிருந்து வரும் காற்று. அதைத் தாங்கித்தான் எங்கள் மரங்கள் வேர் பிடித்து நின்றன. புயல் எங்களுக்குத் தெற்கே போனதால் காற்று கிழக்கிலிருந்து அடித்தது. மண்ணும் ஊறிக் கிடந்தது. விழுந்த மரங்கள் பெரும்பாலும் மேற்கே தலை வைத்துக் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

மாடுகளை அவிழ்த்து வெளியே கொண்டுவந்த பிறகு, யாரையும் மரத்தின் பக்கம் போக விடவில்லை. வீட்டுக்கு வரும் மின்கம்பி கிளைகளுக்குள் சிக்கியிருந்தது. ஊரே இருட்டாகத்தானே இருக்கிறது என்று கம்பியைத் தொட்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டில் யாராவது ஜெனரேட்டரைச் சரியாக இணைக்காமல் ஓட்டினால், அந்தக் கம்பியில் மின்சாரம் திரும்பி வரும். லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கி, கம்பியை அறுத்து ஒதுக்கினார். அதன் பிறகே அரிவாளை எடுத்தோம்.

வாழை போட்டவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பயிர்ச் சேதம் 33 விழுக்காடாவது இருந்தால்தான் நிவாரணம். கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை அலுவலரும் பார்த்துக் கணக்கெடுக்கும் முன் வயலைச் சுத்தம் செய்தால் காட்ட எதுவும் இருக்காது. புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி மரத்துக்கு வருகிறேன். புயல் முடிந்ததும் மெஷின் வாளோடு பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மளமளவென்று அறுத்துத் தருவதாகச் சொன்னார்கள். நான் எங்கள் ஊரில் வயதான ஒரு மரவெட்டியைத்தான் அழைத்தேன். அந்த அண்ணாச்சி கோடாலியைத் தொடாமல் மரத்தை மூன்று முறை சுற்றி வந்தார். வேர்த்தூர் மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. அதன் அடியில் இருந்த பள்ளத்தில் பிள்ளைகள் இறங்கி மண்புழு தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் தெறித்து ஓடினார்கள்.

“தம்பி, இந்த மரம் படுத்திருக்கும் வரைதான் தூர் இப்படி நிற்கும். தடியை அறுத்துப் பாரம் போய்விட்டால் தூர் மறுபடியும் குழிக்குள் உட்கார்ந்துவிடும்” என்றார்.

முதலில் மேலே இருந்த சிறு கிளைகளைக் கழித்தார். தரையில் ஊன்றி மரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கிளைகளைத் தொடவில்லை. தொழுவத்துச் சுவரில் மாட்டி வில்லாக வளைந்திருந்த ஒரு கிளையின் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்றார். உள்வளைவில் லேசாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, மறுபக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். அப்படியும் அது ‘சடேர்’ என்று நிமிர்ந்த வேகத்தில் ஓடு ஒன்று பறந்தது. கடைசியாகத் தூரை வடத்தால் புளியமரத்தோடு கட்டிவிட்டு, அடியில் நல்ல நீளம் விட்டுத் தடியை அறுத்தார்கள். தூர் ஆடி, வடத்தை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. பிள்ளைகள் நின்ற இடம் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தழையை ஆடுகள் ஒரே நாளில் காலி செய்தன. தடி கதவு நிலைக்கு ஆகும் என்று மரவாடிக்காரர் எடுத்துக்கொண்டார். மிச்சம் விறகு. குவித்துப் போட்ட கொப்புகளை எடுக்கும்போது கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைத்தோம். மழைக்குப் பிறகு பாம்புகள் அடையும் இடம் அதுதான்.

தென்னை விஷயத்தில் அக்கம்பக்கத்தாரோடு நான் சண்டையே போட்டேன். விலை போகாது என்று பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். விழுந்த தென்னந்தடி மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அங்கே வளரும் வண்டுகள் நிற்கிற தென்னைகளின் குருத்தைத்தான் குடையும். நாங்கள் முற்றிய தடிகளைக் கூரைக் கைமரத்துக்கு அறுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிளந்து காயவைத்து எரித்தோம். தூரையும் தோண்டி எடுத்தோம். பக்கத்துத் தோப்பில் கிடந்த தடியை மறுவருடம் புரட்டியபோது, கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. தோப்புக்காரரையும் அழைத்துக் காட்டினேன். அன்றே ஆள் விட்டு எல்லாத் தடிகளையும் அகற்றினார்.

வேம்பின் அடிமரம் பிறகு துளிர்த்தது. மூன்று துளிர்களில் ஒன்றை மட்டும் விட்டு வளர்க்கிறோம். வேலியில் பூவரசம் போத்து நட்டிருக்கிறோம். புரட்டாசி பிறந்ததும் மற்ற மரங்களில் அடர்ந்த கிளைகளைக் கழித்துவிடுகிறோம், ஐப்பசி கார்த்திகைக் காற்று தடையில்லாமல் புகுந்து போக.