துண்டுத்தாளில் இருந்த இரண்டாவது பெயர்

யார், யாருக்கு, எச்சந்தர்ப்பத்தில் கூறியது? தமிழ் இலக்கியப் பரீட்சை எழுதிய நம் எல்லோருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம். கூறியவர் பெயரை எழுதுவது லேசு. சந்தர்ப்பத்தில்தான் புள்ளி போகும். ஆசிரியர்களை நினைந்து எழுதும் இந்த மலருக்கு, அதே கேள்வியை ஒரு கார்ட்டூன் ஆசிரியரிடம் கொண்டுபோகிறேன். அவர் பெயர் பேர்க்ஸ்ட்ரொம். சில நாள் வந்து போகும் பதில் ஆசிரியர். 'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஒரேயொரு எபிசோட் அவருடையது.

'லிசாஸ் சப்ஸ்டிடியூட்' என்ற அந்த எபிசோட் 1991 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் ஃபொக்ஸ் அலைவரிசையில் ஒளிபரப்பானது. இரண்டாவது பருவத்தின் 19ஆவது. எழுதியவர் ஜோன் விட்டி, இயக்கியவர் ரிச் மூர். பேர்க்ஸ்ட்ரொமுக்குக் குரல் கொடுத்தவர் ஹொலிவுட் நடிகர் டஸ்டின் ஹொஃப்மன். ஆனால் பெயர்ப்பட்டியலில் 'சேம் எட்டிக்' என்றே இருக்கும். யூதரைக் குறிக்கவும் வழங்கும் 'செமிட்டிக்' என்ற சொல்லைப் பிரித்துச் செய்த பெயர் அது. பாத்திரம் யூதர் என்பதைப் பெயர்ப்பட்டியல் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

விளம்பரங்களைக் கழித்தால் இவ்வகை எபிசோட் ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். இரண்டு விளம்பர இடைவேளை அதை மூன்று பகுதியாக வெட்டும். நயம் எழுத விரும்புகிறவர் குறைந்தது மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை பேனாவைத் தொடக்கூடாது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட வேண்டும். இரண்டாம் தடவை ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: எத்தனையாவது நிமிடம், யார் என்ன கேட்டு வந்தார், என்ன கிடைத்துப் போனார். மூன்றாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். சிம்ப்சன் முகங்களில் கண்மணி வெறும் கறுப்புப் புள்ளி. நடிப்பெல்லாம் இமையின் சரிவிலும், ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவே விடும் இடைவெளியிலும் இருக்கிறது. குரலை முதலில் பதிந்துவிட்டுத்தான் படம் வரைவார்கள் என்பதால், வசனத்தின் மூச்சு முகத்தில் எங்கே விழுகிறது என்பதை சத்தமில்லாமலே கண்டுபிடிக்கலாம்.

சிம்ப்சன் வீட்டுப் பெண்பிள்ளை லிசாவின் வகுப்பாசிரியை ஹூவர், உண்ணியால் பரவும் லைம் நோய் தனக்கு வந்துவிட்டது என்று நம்பி விடுப்பில் போகிறார். அவர் இடத்துக்கு பேர்க்ஸ்ட்ரொம் கௌபோய் வேடத்தில் வகுப்புக்குள் நுழைகிறார். காலம் 1830 என்று சொல்லி, உடையில் மூன்று பிழை இருக்கிறது, கண்டுபிடிப்பவருக்குத் தொப்பி என்கிறார். லிசா கை தூக்குகிறாள். இடுப்புப் பட்டியில் டெக்சஸ் மாநிலம் என்று இருக்கிறது, டெக்சஸ் மாநிலமானது 1845இல். ரிவோல்வர் 1835 வரை கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்றாவதாக அவள், நீங்கள் யூதர் போலத் தெரிகிறீர்கள் என்கிறாள். அவர் எதிர்பார்த்த மூன்றாவது விடை கையில் கட்டியிருந்த டிஜிட்டல் கடிகாரம். ஆனாலும் கோபப்படவில்லை. யூதக் கௌபோய்களும் இருந்தார்கள் என்று சொல்லி, தொப்பியை அவளிடமே கொடுக்கிறார். எதையும் பெரிதாக விளக்காமல், இந்தப் பிள்ளை இதுவரை யாரிடமும் பெறாத ஒன்றைப் பெறுகிறது என்பதை இந்தக் காட்சி காட்டிவிடுகிறது: அவளுடைய அறிவு ஒருவருக்கு மகிழ்ச்சி தருகிறது. விடையின் ஒரு பகுதி தவறி, சற்று எல்லைமீறியும் போன பிறகும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. நல்ல ஆசிரியரைக் காட்ட இதைவிடச் சுருக்கமான காட்சியை நான் பார்த்ததில்லை.

அடுத்து அருங்காட்சியகம். லிசாவைத் தகப்பன் ஹோமர்தான் கூட்டிப் போகிறார். வாசலில் நன்கொடை 4.50 டொலர், ஆனால் விரும்பியதைக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஒன்றும் கொடுக்காமல் போகலாமா என்று ஹோமர் கேட்கிறார். போகலாம் என்று தெரிந்ததும், கட்டாயமில்லாமலே மனிதர் காசு கொடுப்பார்கள் என்று நம்புகிறீர்களா என்று சிரிக்கிறார். உள்ளே பேர்க்ஸ்ட்ரொம் நிற்கிறார். லிசாவுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருக்கிறது. இந்த இடத்தில் ஹோமரை வில்லனாக்கி எழுதுவது பலரும் செய்யும் பிழை. அவர் கெட்டவர் அல்லர், கட்டாயமில்லாத எதையும் செய்யப் பழகாதவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் அவர் செய்யும் ஒவ்வொன்றும் கட்டாயமில்லாதது.

துணைக்கதையில் லிசாவின் அண்ணன் பார்ட் வகுப்புத் தலைவர் தேர்தலில் மார்ட்டின் பிரின்ஸை எதிர்த்து நிற்கிறான். வகுப்பே அவன் பக்கம். எதிர்ப்பார் இல்லை என்ற நம்பிக்கையில் பார்ட்டின் ஆதரவாளர் ஒருவரும் வாக்குப் போடவில்லை, பார்ட்டும் போடவில்லை. மார்ட்டினும் அவனுடைய நண்பன் வென்டலும் மட்டும் போட்டு 2க்கு 0 என்று வெல்கிறார்கள். பார்ட் வென்றதாக முந்திக்கொண்டு அச்சடித்த பத்திரிகையை மார்ட்டின் தூக்கிப் பிடிக்கும் படம், 1948இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், தேர்தலில் தான் தோற்றதாகத் தவறாகச் செய்தி போட்ட பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்தின் நகல். துணைக்கதை சும்மா சிரிப்புக்கு என்று தள்ளிவிட்டால் கடைசிப் பகுதி புரியாது. ஒரே வீட்டில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு பிள்ளைகள் கையில் இருந்ததை இழக்கிறார்கள்.

இனி ரயில் நிலையம். ஹூவரின் நோய் மனதால் வந்தது என்று தெரிந்து அவர் திரும்பிவிடுகிறார். பேர்க்ஸ்ட்ரொம் கேப்பிட்டல் சிட்டி என்ற நகரத்துக்குப் புறப்படுகிறார். அங்கே தன்னை இன்னும் அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அழும் லிசாவின் கையில் ஒரு துண்டுத்தாளைத் திணிக்கிறார். தனிமையாக உணரும்போது இது போதும் என்கிறார். ரயில் போன பிறகு விரித்துப் பார்க்கிறாள். 'நீ லிசா சிம்ப்சன்.'

இந்த எபிசோடைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கண் கலங்கி நின்றுவிடுகிறார்கள். நமது பழைய கேள்வியைக் கேட்டால் நிற்க முடியாது. இதுதான் விடை என்றால் கதை ரயில் நிலையத்திலேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்து இரவுச் சாப்பாட்டு மேசையில் லிசா வெடித்துத் தகப்பனைப் பபூன் என்று திட்டுகிறாள். நம் கூத்துக் கோமாளி அல்ல, பெரிய குரங்கு வகை ஒன்றின் ஆங்கிலப் பெயர் அது. அந்தத் தாள் அவள் கையில் இருக்கிறது, இன்னும் வேலை செய்யவில்லை. தாளில் இருந்த பெயர் இரண்டு. லிசா என்பது ஆசிரியர் கண்டுகொண்ட பிள்ளை. சிம்ப்சன் என்பது தகப்பன் வீட்டுப் பெயர். ஊரை விட்டுப் போகிறவர், போகும்போது அவளை அந்த வீட்டுக்கே திருப்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் முதல் பெயரை மட்டும் வாசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்பதுதான் என் வாசிப்பு.

இரண்டாவது பெயரை ஹோமர் வந்து வாசித்துக் காட்டுகிறார், தனக்கே தெரியாமல். மனைவி மார்ஜ் சொல்லித்தான் மாடிக்குப் போகிறார். தனக்கு வேண்டியவர் எல்லோரும் இந்தக் கூரையின் கீழேயே இருப்பதால் வேண்டிய ஒருவரை இழப்பது எப்படி என்று தனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்கிறார். லிசாவின் வாழ்க்கையில் நல்ல மனிதர் பலர் வருவார்கள், அவர்கள் எல்லோரும் கூடும் ஓரிடத்தில் தன்னைப் போன்றவர்கள் பானம் பரிமாறிக்கொண்டு இருப்பார்கள் என்கிறார். பிறகு இதையெல்லாம் விளக்க முடியாவிட்டாலும் பொம்மை வீட்டைத் திருத்தித் தருவேன், குரங்கு வேலையாவது எனக்கு வரும் என்று சொல்லிக் குரங்குபோல் செய்து காட்டுகிறார். லிசா சிரித்துவிடுகிறாள். மேசையில் எறிந்த வசையையே அவர் பொறுக்கியெடுத்துப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுத்துவிட்டார்.

தமிழில் உரையெழுத்து போடுகிறவர் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பபூன், மங்கி இரண்டையும் குரங்கு என்று போட்டால் வசைக்கும் விளையாட்டுக்கும் இடையேயுள்ள தூரம் காணாமல் போய்விடும். 'குரங்கு வேலை' என்று அப்படியே போட்டாலும் தவறு. நமக்கு அது சேட்டை, அங்கே அது படிப்பில்லாதவன் செய்யும் கைவேலை. முதலாவதை 'பபூன் குரங்கு' என்று வைத்து, இரண்டாவதில் 'குரங்குக்கும் வரும் கைவேலை' என்று விரித்தால் இரண்டு பொருளும் நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 1995இல் வந்த 'மதர் சிம்ப்சன்' எபிசோடில், சிறுவயதிலேயே ஹோமர் தாயைப் பிரிந்த கதை வருகிறது. அதை மனதில் வைத்து, வேண்டியவரை இழந்ததில்லை என்ற வரியைப் பொய் என்றோ, மறைத்த சோகம் என்றோ எழுதிவிடக்கூடாது. 1991இல் எழுதியவர்களிடம் அந்தக் கதை இல்லை. எச்சந்தர்ப்பத்தில் என்ற கேள்விக்குள் ஆண்டும் அடங்கும்.

லிசாவின் அறையிலிருந்து ஹோமர் பார்ட்டின் அறைக்குப் போகிறார். தலைவர் பதவியில் கூடுதல் வேலைதான், வேறென்ன கிடைத்திருக்கும் என்று கேட்டு அவனையும் தேற்றுகிறார். அடுத்து கைக்குழந்தை மேகியின் வாயில் சூப்பியைத் திரும்ப வைக்கிறார். மார்ஜ் என்ன நடந்தது என்று கேட்க வாயெடுக்கும்போது, இன்று எல்லாம் கைகூடி வருகிறது, பேசாமல் படுப்போம் என்கிறார். சத்தத்தை நிறுத்திவிட்டு இந்த நடையை மட்டும் பாருங்கள். மாடிக்கு ஏறியபோது தொங்கிய தோள், மேகியின் அறையை விட்டு வரும்போது நிமிர்ந்திருக்கும்.