கூடையைத் தூக்கிவிட ஒரு கை: கரையோர நாவலின் இரண்டாம் வரைவு

தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடையில் நானே கற்பனையாக அமைத்துக்கொண்ட ஒரு மீனவ ஊரைக் களமாக வைத்து, ஆழிப்பேரலையில் துணையை இழந்த இருவர் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கும் கதையை நாவலாக எழுதி வருகிறேன். பிழைப்புக்கான வேலை வேறு என்பதால் இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும்தான் எழுத முடிகிறது. முதல் வரைவு முடிந்து, இரண்டாம் வரைவு பாதியைத் தாண்டியிருக்கும் இந்த நேரத்தில், இதுவரை செய்து பார்த்தவற்றைப் பதிவு செய்கிறேன். படிப்பவர் மனத்தை ஆற்றும் காதல் கதையாக இது அமைய வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அந்த ஆறுதல், இறந்தவர்களை மறக்கவைத்துப் பெற்ற ஆறுதலாக இருக்கக் கூடாது என்பதில் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருக்கிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது காலம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த அலைக்குப் பிறகு, சிறு குழந்தைகளோடு தனித்து நின்ற ஆண்கள் பலருக்கு உறவினர் விரைவிலேயே மறுமணம் செய்துவைத்தார்கள்; கணவனை இழந்த பெண்களுக்கு அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அந்த அவசரத்தையும் அந்த ஏற்றத்தாழ்வையும் கடந்து வந்த இருவரைப் பற்றி எழுத விரும்பியதால், நிவாரண முகாம்கள் கலைந்து, கடலைவிட்டுத் தள்ளிப் புதிய வீடுகள் எழும்பி, துக்கம் விசாரிக்க வருபவர்களும் நின்றுபோன 2007ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன். கதை ஏப்ரல் 15 அன்று, மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் நாளில் தொடங்குகிறது. இப்போது கிழக்குக் கடற்கரையில் தடை 61 நாட்கள் நீள்கிறது. ஆனால் அந்த நீட்டிப்பு 2017இல்தான் வந்தது, அதற்கு முன் 45 நாட்கள்தான். எனவே என் நாயகன் கரையில் இருக்கும் காலம் மே 29 வரை மட்டுமே. இதைச் சரியாக வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாட்களை எண்ணிக் கடன் வாங்கிப் பிழைக்கும் ஓர் ஊரின் கதையில் அந்தக் கணக்கு பிசகினால், கடற்கரைக்காரர் ஒருவர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையோரமாகப் போய்வரும் ஃபைபர் படகுகள் தொடர்ந்து தொழில் செய்யும். ஆகவே நாயகன் குமாரவேலை நாகப்பட்டினத்து விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போகிறவனாகவும், நாயகி மலர்க்கொடியை ஃபைபர் படகு மீனை ஏலத்தில் எடுத்துப் பொறையாறு வரை தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பவளாகவும் அமைத்தேன். அவன் வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் நாட்களில் அவள் ஓய்வின்றி உழைக்கிறாள். இருவரும் தினமும் ஒருவரையொருவர் பார்க்கும் வாய்ப்பை இந்த அமைப்பே உண்டாக்கித் தந்தது.

அவர்களுடைய இழப்பையும் அந்தக் காலையின் நடப்பிலிருந்தே எடுத்துக்கொண்டேன். ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அந்த அலை ஒரு சிறு எழுச்சியாகக்கூடப் புலப்படவில்லை. கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்களும் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளும்தான் பெருமளவில் இறந்தார்கள். குமாரவேல் கடலில் இருந்தான். அவன் மனைவி சாந்தி கரையில் இருந்தாள். தனக்குக் கீழே கடந்துபோன நீர்தான் அவளைக் கொன்றது என்பதை அவன் எவரிடமும் சொன்னதில்லை. மலர்க்கொடியின் கணவன் மாணிக்கம் அன்று தொழிலுக்குப் போகாமல் மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தவன்.

இந்த வரைவில் எனக்கு மிகவும் நிறைவளித்தது கூடைக் காட்சி. மீன் நிரம்பிய அலுமினியக் கூடையை ஒருத்தி தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. பக்கத்தில் நின்று தூக்கிவிட ஒரு கை வேண்டும். மாணிக்கம் இருந்தவரை விடியற்காலையில் அதைச் செய்தவன் அவன்தான். அவன் போன பிறகு அவள் ஏலத்துக்கு வந்த பெண்களில் யாரையாவது கூப்பிடுகிறாள். அவர்களுக்கும் பேருந்துக்கு நேரமாகிவிடுவதால், சில நாட்கள் கூடையருகில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. தடைக்காலத்தில் கரையோரம் வலைக்கு மணி கட்டிக்கொண்டிருக்கும் குமாரவேல் அதைப் பார்க்கிறான். அவன் உடனே எழுந்து வருவதாக எழுதினால் ஊர் பார்க்கும், பேசும். அவளும் ஒப்ப மாட்டாள். ஆகவே, பக்கத்தில் நிற்கும் அவனுடைய ஒன்பது வயது மகளிடம்தான் அவள் சொல்கிறாள்:

“பாப்பா, இத ஒரு கை புடிக்கணும். உங்கப்பாகிட்ட சொல்லு.”

அவன் வந்து தூக்கிவிடுகிறான். ஒரு சொல்லும் பேசவில்லை. இதற்குப் பின் பல அத்தியாயங்களுக்கு இருவரும் குழந்தைகள் வழியாகவே பேசிக்கொள்கிறார்கள். மீன் விலையும், ரேஷன் கடையில் அரிசி வந்த செய்தியும், பள்ளிக்கூடக் கட்டணமும், காய்ச்சலுக்கு யாரிடம் போவது என்பதும் “உங்கம்மாகிட்ட சொல்லு தம்பி”, “உங்கப்பாவக் கேளு பாப்பா” என்றே நடக்கின்றன. நம் ஊர்களில் இதுபோல் பேசாமல் பேசும் வழக்கம் நிறைய உண்டு என்பதால், காதல் வசனம் என்று தனியாக ஒன்றை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

இறந்தவர்களுக்கான இடத்தை வகுப்பதில்தான் அதிக உழைப்பு செலவாயிற்று. சாந்தியின் தாய் தன் இளைய மகளைக் குமாரவேலுக்குக் கொடுக்க நினைக்கிறாள். அந்த எண்ணத்தில் பேத்தியின் மீதுள்ள பாசம் தவிர வேறொன்றும் இல்லை. அவளை வில்லியாக ஆக்கிவிட்டால் கதை விரைவாக ஓடியிருக்கும். நான் அவளுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்து, மகளைப் பற்றி அவள் மட்டுமே அறிந்த செய்திகளை மலர்க்கொடியிடம் சொல்ல வைத்திருக்கிறேன். அவ்வாறு சாந்தி யார் என்பதை மலர்க்கொடி அறிந்துகொண்ட பிறகுதான், அவளுக்குக் குமாரவேலின் மீதுள்ள பரிவு ஆழம் பெறுகிறது.

இதற்கு எனக்கு வழிகாட்டியது நற்றிணையின் 172ஆம் பாடல். சிறுவயதில் தான் விதையூன்றி வளர்த்த புன்னையைத் தாய் தமக்கையென்று சொன்னதால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள் அந்தப் பாடலின் தலைவி. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த மரபுக்குள்ளேயே, காதலர் இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவருக்கு மதிப்போடு இடம் தரும் இந்தப் பண்பு எனக்குப் பெரும் வெளிச்சமாகப்பட்டது. சாந்தி நட்ட புன்னை ஒன்று, இடிந்துபோன பழைய வீட்டு மனையில் அலைக்குத் தப்பி நிற்பதாகக் கதையில் வைத்தேன். மலர்க்கொடி அதன் நிழலில் உட்காருவதில்லை. குடத்தில் மீதமிருக்கும் தண்ணீரை மட்டும் அதன் அடியில் ஊற்றிவிட்டுப் போகிறாள்.

நிலக்காட்சியைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டையும், முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலும் எழுதுபவரை எளிதில் இழுத்துச் சென்றுவிடக்கூடியவை; ஆனால் அங்கேயே பிறந்தவர்கள் அவற்றைப் பார்த்து நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். கடலில் சூரியன் மறையும் காட்சிக்கும் சோழமண்டலக் கரையில் இடமில்லை, இங்கே சூரியன் கடலிலிருந்துதான் எழும். அதனால் நெருக்கமான காட்சிகளையெல்லாம் படகுகள் கரையேறும் விடியற்பொழுதுக்கு மாற்றினேன். ஏலக் கூச்சலுக்கு நடுவே, கண்ணில் தூக்கம் இருக்கும்போதே நடக்கும் காதலுக்குத் தனி அழகு இருப்பதை எழுத எழுத உணர்ந்தேன்.

கதையின் திருப்பம் 2007 செப்டம்பர் 12. அன்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவில் 8.4 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, நம் கரைக்கும் எச்சரிக்கை வந்தது. பெரிய அலை எதுவும் வரவில்லை. ஐதராபாத்தில் இந்தியாவின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம்தான். அந்த மாலையை எழுதும்போது அலையைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதாமல், ஓடும் மக்களை மட்டும் எழுதினேன். குமாரவேல் தன் மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மலர்க்கொடியின் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடுகிறான். பொறையாற்றில் வியாபாரத்தில் இருந்தவள், கூடையை அங்கேயே போட்டுவிட்டு, கூட்டத்துக்கு எதிராக மகனைத் தேடிக் கிழக்கே ஓடி வருகிறாள். சாலையில் சந்திக்கிறார்கள். இந்த முறை நடுவில் குழந்தை தேவைப்படவில்லை. அவனை நேராகப் பார்த்து, “வாங்க, போவோம்” என்கிறாள். இந்த இரண்டு சொற்கள் இயல்பாக வந்து விழுவதற்காகத்தான் முந்தைய அத்தியாயங்கள் எல்லாவற்றையும் பொறுமையாக நீட்டியிருக்கிறேன்.

தரங்கம்பாடிப் பக்கத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் சில பகுதிகளைப் படித்துக் காட்டினேன். ஏலத்துக்கு நிற்கும் பெண் அழுதுகொண்டு நிற்க மாட்டாள், அழுகை கூடையை இறக்கிய பிறகுதான் வரும் என்று அவர் சொன்னார். அதன்படி இரண்டு காட்சிகளில் கண்ணீரை வீட்டுக்கு இடம் மாற்றிவிட்டேன்.

இனி எழுத வேண்டியவை வடகிழக்குப் பருவமழை அத்தியாயங்களும், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் இருவரும் தங்கள் விருப்பத்தைச் சொல்லும் பகுதியும், டிசம்பர் 26 நினைவு நாளும். அன்று ஊர் தொழிலுக்குப் போகாமல் கடலில் பாலும் பூவும் விடும்போது, சாந்திக்கான பாலை மலர்க்கொடியும் மாணிக்கத்துக்கான பாலைக் குமாரவேலும் ஊற்றுவதாகத் திட்டமிட்டிருக்கிறேன். மணமேடைக் காட்சி இருக்காது. பஞ்சாயத்துப் பகுதியில் யார் முதலில் பேசுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சாந்தியின் தாயே எழுந்து பேசுவதாக ஒரு வடிவத்தை அடுத்ததாக எழுதிப் பார்க்கப் போகிறேன்.