காலர்வாலியின் காட்டில் இரண்டு வருஷம்

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முடித்த கையோடு, 2012 கடைசியில், நாக்பூருக்கு ரயிலேறினேன். அங்கிருந்து சிவனி போகிற பஸ். மத்தியப் பிரதேசத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் போய் இறங்கியபோது சாப்பாடு, தண்ணீர் கேட்கிற அளவுக்குத்தான் இந்தி தெரியும்.

வேலை இதுதான்: புலி என்ன தின்கிறது, அது தின்பதற்குக் காட்டில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். விடியும்போதே காட்டுக்குள் நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, கண்ணில் படும் புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் எண்ணி, எவ்வளவு தூரத்தில் நின்றது என்று குறிக்க வேண்டும். அப்புறம் ஜீப் தடத்திலும் ஓடைக்கரையிலும் கிடக்கும் புலி எச்சத்தை, அதாவது சாணத்தை, சேகரித்து, கழுவி, சலித்து, காயவைத்து, அதில் மிஞ்சும் முடி எந்த விலங்கினுடையது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரு தடவை சல்லடையில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குளம்பு நின்றது. மான்குட்டியின் குளம்பு. கறுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எந்த எச்சம் எந்தப் புலியுடையது என்று டி.என்.ஏ. பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வரும் பெயர் ஒன்றுதான், காலர்வாலி. 2005-இல் பிறந்தவள், பதிவேட்டில் டி-15. 2008 மார்ச்சில் நடமாட்டத்தைக் கண்காணிக்கிற ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டினார்கள், ‘காலர் போட்டவள்’ என்ற அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. உள்ளூர்க்காரர்களுக்கு அவள் ‘மாதாராம்’, மரியாதையாக அம்மா என்பது மாதிரி. என்னோடு நடக்க வந்த, கோண்டு பழங்குடியைச் சேர்ந்த வனக்காவலரும் அப்படித்தான் சொல்வார். அவரை நான் சாச்சா (சித்தப்பா) என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் ‘பேட்டா’, பிள்ளை.

முதல் ஈற்றைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். 2008 மே மாதம் மூன்று குட்டிகள், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, நிமோனியா. அதே வருஷம் அக்டோபரில் நான்கு குட்டி போட்டாள். குட்டிகளைப் பறிகொடுத்த புலி சீக்கிரமே மறுபடி இணைசேரத் தயாராகிவிடும், கர்ப்பம் மூன்றரை மாதம்தான், அதனால் உடல் கணக்குப்படி இது நடக்கக்கூடியதே. இருந்தாலும் அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 2010-இல் ஒரே ஈற்றில் ஐந்து. இப்படியே 2018 வரை எட்டு ஈற்றில் 29 குட்டிகள், அவற்றில் 25 பிழைத்தன.

2014 ஜனவரியில் ஒருநாள் காலை அவளை நன்றாகப் பார்த்தேன். கடுங்குளிர், தேக்கிலை எல்லாம் பனியில் நனைந்து நடந்தால் சத்தமே வராத நேரம். ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். மந்தி ஒன்று மரத்தில் இருந்து கத்தியது, சாச்சா கையை உயர்த்தினார், நிறுத்தினோம். கிடா மான் ஒன்றைக் கழுத்தில் கவ்வி இழுத்துக்கொண்டு தடத்தைக் கடந்தாள். நடுத்தடத்தில் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள், விலா ஏறி இறங்கியது. எங்களை ஒரு பார்வை, அவ்வளவுதான். மறுபடி கவ்வி, புல்லோரம் இழுத்துப் போட்டுத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். மூன்று குட்டிகள் வந்தன, மூன்று மாதக் குட்டிகள். அவை தின்றன, அவள் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டாள். நாங்கள் இருந்த முக்கால் மணி நேரமும் அவள் வாய் வைக்கவில்லை.

தனிப் பெண்புலிக்கு வருஷத்துக்கு ஐம்பது மான் போதும். குட்டியோடு இருப்பவளுக்கு அறுபது, எழுபது வேண்டும். பத்துத் தடவை பதுங்கிப் பாய்ந்தால் ஒன்று கிடைப்பதே பெரிசு. அவள் பத்து வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் குட்டிகளோடு இருந்தவள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘சூப்பர் மாம்’ என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவள் திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் மான் இல்லாத காட்டில் 25 குட்டிகளை வளர்த்திருக்க முடியாது. கோடையில் தோத்லாடோ அணையின் நீர் உள்வாங்கியதும் அந்த ஈரத்தரையில் பச்சைப்புல் முளைக்கும், சுற்றிலும் காடு காய்ந்து கிடக்க அங்கே மட்டும் புள்ளிமான்கள் நூற்றுக்கணக்கில் மேயும். என் நோட்டில் ஒரே பக்கத்தில் எண்ணிக்கை எழுத இடம் போதாமல் போன நாட்கள் உண்டு. அந்தப் புல்லும், தண்ணீரும், மழைக்காலத்தில் சுற்றுலா மூடிய பிறகும் கையில் ஒரு தடியோடு ரோந்து போகிற சாச்சா மாதிரி ஆட்களும் சேர்ந்துதான் அந்த 25 குட்டிகள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சல்லடைதான், பாடப்புத்தகம் இல்லை.

2022 ஜனவரி 15-ஆம் தேதி அவள் இறந்தாள். பதினாறு வயது தாண்டியிருந்தது, காட்டுப்புலிக்கு அது பெரிய வயது. நான் அப்போது தமிழ்நாட்டில், சத்தியமங்கலம் பக்கம், அதே மான் எண்ணுகிற வேலையில் இருந்தேன். சிதையில் மாலையோடு அவள் கிடக்க, ஊர்க்காரர்கள் கைகூப்பி நின்ற படம் வாட்ஸப்பில் வந்தது. காலர் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாலைகள் மூடியிருந்தன.

ராத்திரி சாச்சாவுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் இருவருமே பேசவில்லை. கடைசி நாட்களில் ரொம்பத் தளர்ந்துபோயிருந்தாள், ஓடையோரமாகவே படுத்துக் கிடந்தாள் என்றார். அப்புறம், “ஓடையில் தண்ணீர் இருந்தது, பேட்டா” என்றார்.