மாரிக்கு முன் பார்க்க வேண்டிய குவாரி

கல்குவாரியைப் பற்றி அயலவர்கள் முறையிடுவது பெரும்பாலும் வெடிச் சத்தத்தையும் சுவர் வெடித்ததையும்தான். அவை பொய்யல்ல. ஆனால் திருகோணமலைப் பக்கத்தில் காணிக்கு நேரும் ஆறாத சேதம் தண்ணீர் வழியாகவே வருகிறது, அதுவும் சத்தமில்லாமல்.

இங்கே அடியில் இருப்பது கெட்டியான படிகப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே உக்கிய படையிலும் பாறைப் பிளவுகளிலும் மட்டுமே. அயலிலுள்ள கன்னியா வெந்நீரூற்றில் சுடுநீர் மேலே வருவதும் ஆழமான பிளவுகள் வழியேதான். குவாரிக் குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கி அப்படியொரு பிளவை வெட்டிவிட்டால், ஊறுகிற தண்ணீரை மோட்டார் போட்டு இறைக்க இறைக்க அந்தப் பிளவைச் சேர்ந்த கிணறு வற்றும். அதைவிடக் கிட்ட இருந்தும் அந்தப் பிளவைச் சேராத வேறொரு கிணறு தப்பிவிடலாம். ஆகவே "கிணறு தூரத்தில்தானே இருக்கிறது" என்ற பதில் செல்லாது. முதல் வெடிக்கு முன்பே அயல் கிணறுகளின் நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அளந்து எழுதிவைக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லையென்றால் பிறகு கிணற்றுக்காரர் எதைக் காட்டி வழக்காடுவார்?

வெடிமருந்திலும் இதே கதைதான். அமோனியம் நைத்திரேற்றும் டீசலும் கலந்த மருந்து ஈரத் துளையில் முழுதாக வெடிக்காது. செம்மஞ்சள் புகை எழுவது அதற்கு ஓர் அடையாளம். மிஞ்சிய நைத்திரேற்று தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

தூசு, தென்மேற்குப் பருவத்தில் வீசும் கச்சான் காற்றோடு பறக்கும். அந்தக் காலத்தில்தான் சிறுபோக நெல்லும் பூக்கும். கல்லுடைக்கும் கிரஷரிலும் டிப்பர் ஓடும் பாதையிலும் காலையிலேயே தண்ணீர் தெளிக்க வேண்டும், காய்ந்ததும் மறுபடியும்.

குவித்து வைத்த கல்தூள் மாரியில் அடித்துச் செல்லப்பட்டு, வாய்க்காலையும் சிறு குளங்களையும் தூர்த்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான், ஓடிவரும் நீரைத் தேக்கித் தூளை அடியில் படியவிடும் படிவுக் குட்டை. வெட்டினால் மட்டும் போதாது, தண்ணீர் அதில் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்பதே கணக்கு. 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீற்றர் தூளுக்கு ஏறக்குறைய 3 மணித்தியாலம் வேண்டும். 0.002 மில்லிமீற்றர் துகள் 3 நாளுக்கு மேல் எடுக்கும். நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் கிட்டக்கிட்ட இருந்தால், பெருமழையில் கலங்கல் தண்ணீர் குறுக்கே பாய்ந்து அப்படியே வயலுக்குப் போய்விடும். இரண்டையும் எதிரெதிர் முனைகளில் வைத்து, நடுவே தடுப்புக் கட்டி, தண்ணீரை வளைந்து போகச் செய்ய வேண்டும்.

வரைபடத்தில் குட்டை எப்போதும் ஆழமாகவே இருக்கும். செப்டெம்பரில் ஒரு நீளக் கம்பை இறக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் சேறு நின்றால், வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் தூர்வாரி, அள்ளிய சேற்றை வாய்க்கால் கரையில் போடாமல் மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும்.