நான்காம் மெழுகுவர்த்தியும் நள்ளிரவுப் பூசையும்

2023ஆம் ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழா திங்கட்கிழமையில் வந்தது. அதனால் அவ்விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறும், நள்ளிரவுத் திருப்பலிக்குரிய டிசம்பர் 24ஆம் நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. நான்கு வாரம் என்று பெயருக்குச் சொல்லப்படும் அந்தக் காலம் அவ்வாண்டு மூன்று வாரமும் ஒரு பகலுமாகச் சுருங்கிப்போனது. ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றும் திருவருகை வளையத்தின் நான்காம் மெழுகுவர்த்தியைக் காலையில் ஏற்றி, அன்றிரவே நடுவிலிருக்கும் வெள்ளை மெழுகுவர்த்தியையும் ஏற்றியாக வேண்டும். வடக்கன்குளத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, "ஒரு வருசமாவது எங்க கோயில்ல பாலன் பிறப்புப் பூசைக்கு வாயேன்" என்று பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே ஒரே ஒரு பகல் கிடைத்த அந்த ஆண்டில்தான் எனக்குப் புறப்படத் தோன்றியது.

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில். எங்கள் மறைமாவட்டப் பேராலயம் புனித சவேரியார் பெயரால் விளங்குவது. அவருடைய திருநாளான டிசம்பர் 3 ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தின் வாசலில்தான் வந்து நிற்கும். அவ்வாண்டு முதல் ஞாயிறே அந்தத் தேதியில் வந்தது. அன்றிலிருந்து குருவானவரின் திருவுடை ஊதாவாகிறது, பீடத்தில் பூ குறைகிறது, ஞாயிறு பூசையில் "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. சிறு வயதில் எனக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் சீர்திருத்தத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையார், டிசம்பர் பிறந்ததுமே அவர்கள் வீட்டு மாடியில் நட்சத்திரம் எரியும், முன்னணையில் பிறந்த பாலகனைப் பற்றிய பாட்டும் கேட்கும். நாங்களோ கோயிலுக்குள் இன்னும் வராத ஒருவருக்காக ஊதா நிறத்தில் காத்துக்கொண்டிருப்போம். வீட்டுக்கு வெளியே நாங்களும் நட்சத்திரம் கட்டத்தான் செய்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் ஞாயிறு நற்செய்தியில் வீட்டுத் தலைவர் எந்த வேளையில் வருவார் என்று தெரியாது, விழிப்பாயிருங்கள் என்று வாசிக்கும்போது, மாடியில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் சீரியல் பல்பு நினைவுக்கு வந்து சற்றுக் கூசும்.

குடிலுக்கான வேலை எங்கள் வீட்டில் டிசம்பர் 8ஆம் நாள், அமல உற்பவ மாதா திருநாளன்று தொடங்கும். அம்மா இரண்டு அலுமினியத் தட்டுகளில் செம்மண்ணும் சாணத்தூளும் கலந்து பரப்பி, ஒரு நாள் ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, ஈரத்துணியால் மூடி, சமையலறை மூலையில் வைத்துவிடுவார். பெத்லகேமின் புல்வெளி எங்களுக்கு அங்கிருந்துதான் முளைக்கும். குடிலுக்குக் கூரை பனையோலை, கால்கள் பனைமட்டை, தரைக்கு ஆற்றுமணல். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் சுரூபத்தின் கையிலிருந்த விளக்கு நான் பள்ளியில் படித்த காலத்திலேயே உடைந்துபோயிற்று. அந்த இடத்தில் அம்மா ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருக்கிறார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் தேம்பாவணியில் இந்தச் சூசையப்பரையே காப்பியத் தலைவராக்கி, வளன் என்று பெயரிட்டு, 3,615 பாடல்கள் பாடினார். எங்கள் பக்கத்தில் வளன் என்று பெயருள்ள பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள். காப்பியத் தலைவர் எங்கள் வீட்டில் தீக்குச்சியோடு நிற்கிறார்.

மூன்றாம் ஞாயிறு டிசம்பர் 17. அந்த ஒரு ஞாயிற்றுக்கு ஊதா விலகி இளஞ்சிவப்பு வரும். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். "எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்" என்று பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதியதுதான் அன்றைய இரண்டாம் வாசகம். வாசித்த பெண்ணின் குரல் மழைச் சத்தத்தில் பாதிக்குமேல் கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் பெய்த மழையைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி கரையை மீறித் திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழுவான எங்கள் அன்பியத்துக்குக் கரோல் பவனி அந்த ஞாயிறு மாலைதான் குறித்திருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் கட்டவிருந்த பையன் இடுப்பளவு நீரில் பால் பாக்கெட் சுமந்துகொண்டு வந்ததைத்தான் பார்த்தேன்.

பங்கின் கூடத்தில் தாழ்வான தெருக்களிலிருந்து வந்தவர்கள் மூன்று இரவுகள் தங்கினார்கள். கோயில் குடிலுக்கென்று வாங்கி வைத்திருந்த தார்ப்பாய் ஒழுகும் சமையற்கட்டுக்கு மேலே போயிற்று. வைக்கோல் நனைந்து வீணாயிற்று. கரோல் உண்டியலில் முதல் வாரம் சேர்ந்திருந்த தொகை அரிசியாகவும் பருப்பாகவும் மாறியது. தங்க வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் அல்லர். மார்கழி பிறந்திருந்த வாரம் அது. அவர்களுள் ஒரு பாட்டி, தண்ணீர் வடிந்த மறுநாள் விடியலில் கூடத்துப் படிக்கு முன்னால் சிறியதாக ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார். பங்குத்தந்தை அதைத் தாண்டிச் செல்ல மனமில்லாமல் பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார். எங்கள் வீட்டுக்குள் நீர் வரவில்லை. கேழ்வரகுத் தட்டுகளும் தப்பின. சொல்லப்போனால் அந்த ஈரத்தில் வழக்கத்தைவிடச் செழிப்பாகவே வளர்ந்திருந்தன.

24ஆம் நாள் காலைப் பூசையில் நான்காம் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது. முதல் வாசகத்தில் தாவீது அரசர் தாம் கேதுரு மர அரண்மனையில் வாழ, கடவுளின் பேழை கூடாரத்தில் இருப்பதை எண்ணி வருந்தி, ஆண்டவருக்குக் கோயில் கட்ட நினைக்கிறார். ஆண்டவரோ, நான் தங்குவதற்கு நீயா எனக்குக் கோயில் கட்டப்போகிறாய் என்று இறைவாக்கினர் நாத்தான் வழியாகத் திருப்பிக் கேட்கிறார். கூடத்தில் அந்த மூன்று இரவுகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதற்கு மேல் மறையுரை தேவைப்படவில்லை. குருவானவரும் சுருக்கமாகவே முடித்தார்.

அம்மா ஒரு தட்டைக் குடிலில் வைத்துக்கொண்டு, மற்றதை அத்தைக்கென்று என் மடியில் ஏற்றிவிட்டார். புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பேருந்தில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் வந்தமர்ந்த அம்மையார் தட்டைப் பார்த்ததும், "முளைப்பாரியா?" என்றார். குடிலுக்கு வைக்கும் பயிர் என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான், தண்ணி மட்டும் நிறைய ஊத்திராதீய" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முந்தைய நாள் வைகுண்ட ஏகாதசி. இரவு முழுக்கக் கண்விழித்திருந்தாராம். நாங்குநேரியில் இறங்கும்போது, "நேத்து நாங்க முழிச்சோம், இன்னைக்கு நீங்க முழிக்கணும்" என்று சிரித்தார். வழியெங்கும் குளங்கள் நிரம்பிக் கிடந்தன. பணகுடியைத் தாண்டும்போது மகேந்திரகிரியின் தலையில் மேகம் இறங்கியிருந்தது. காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. காவல்கிணறு விலக்கில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ.

வடக்கன்குளம் பெரிய ஊர் அல்ல. ஆனால் தென்தமிழகக் கத்தோலிக்கருக்கு அது வேரூன்றிய ஊர். சேசு சபையாரின் பணி இங்கே 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர், இந்தப் பக்கம் பாண்டி நாடு. மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்டன், குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அதே மன்னரின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயிடம் மறைநூல் கேட்டு, மனம் மாறியபோது, சொந்த நாட்டில் திருமுழுக்குப் பெற இயலாத நிலையில் எல்லை கடந்து இங்கேதான் வந்தார். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், பரஞ்சோதிநாதர் என்று நம்மவர் அழைத்த குரு புத்தாரியின் கையால் தேவசகாயம் என்ற பெயர் பெற்றார். அதற்குப் பிறகு அவருக்கு நேர்ந்ததை எல்லாரும் அறிவோம்: சிறை, எருமை மீதேற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற அவமானம், 1752 சனவரி 14இல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் கணவரை இழந்தபின் இந்த ஊருக்கே வந்து தங்கி, இங்கேயே அடங்கினார். புனிதரைத் தேடிக் காற்றாடிமலைக்கும் அவர் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாற்றுக்கும் போகிறவர்களில் எத்தனை பேர் இந்த அம்மாளை நினைக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மாலையில் அத்தையோடு சென்று முதலில் அவருக்காகத்தான் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.

இவ்வூர்த் திருக்குடும்பக் கோயிலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தாண்டிப்போக முடியாது. 1872இல் எழுந்த கோயில் இரண்டு நீண்ட மண்டபங்களாகப் பிரிந்து ஒரே பீடத்தில் வந்து கூடுவது, நடுவே சுவர். சாதிக்கொரு பக்கம் என்பதற்காகவே அப்படி ஓர் அமைப்பு. சூசை, மரி, பாலன் என்ற மூவரின் பெயரால் அமைந்த கோயிலில், ஒரே பூசையை இரண்டு கூட்டம் ஒன்றையொன்று பாராமல் கண்டது. 1910ஆம் ஆண்டில் பங்குக் குருவாயிருந்த பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சுவர் திரும்ப எழவில்லை. எண்பது வயதாகும் மாமா, தம் தாத்தா அந்தச் சுவர் நின்றபோதும் அது போனபின்பும் பூசை கண்டவர் என்றார். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் தாத்தாவுக்குக் கடைசி வரை கால் கூசுமாம். எந்தப் பக்கத்தில் நின்றிருந்தார் என்று நான் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. சுவரோடு எல்லாம் போய்விட்டது என்று எழுத எனக்குக் கை வராது. நம் ஊர்களை அறிந்தவர் எவரும் அதை நம்பவும் மாட்டார்.

இரவு பத்தரைக்கே கோயில் நிறைந்துவிட்டது. சென்னை, திருப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போனவர்களெல்லாம் புதுத்துணியின் கஞ்சி மணத்தோடு வந்திருந்தார்கள். வெளியே பனி, உள்ளே புழுக்கம். "காரிருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள்" என்று எசாயாவின் வாசகம் ஒலித்தபோது, ஒரு வாரம் மின்சாரமில்லாமல் கிடந்த ஆற்றங்கரை ஊர்களை நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்பே வானவர் கீதம் வந்துவிட்டிருந்தது: "உன்னதங்களிலே" என்று குருவானவர் எடுத்துக்கொடுத்ததும், பீடச்சிறுவர்கள் கைமணிகளை ஒருசேர ஆட்ட, கோபுரத்து மணியும் சேர்ந்துகொள்ள, மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த பாட்டு கூரைக்கு ஏறியது. குழந்தைகள் சிலர் விழித்து அழுதார்கள். பாடகர் குழுவின் கீபோர்டு சற்று ஓங்கியே இருந்தது; அதையும் மீறி மக்கள் பாடினார்கள்.

நற்செய்தியில், விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற வரியை அன்று கொஞ்சம் நிறுத்தி வாசித்ததாக எனக்குப் பட்டது. ஒருவேளை நான்தான் அங்கே நின்றுவிட்டேனோ என்னவோ.

ஆனால் நான் இந்தப் பயணத்தில் கண்டதாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பின் வந்த நம்பிக்கை அறிக்கையைத்தான். மற்ற ஞாயிறுகளில் "உடல் எடுத்து மனிதர் ஆனார்" என்னும் இடத்தில் தலை வணங்குவதோடு சரி; கிறிஸ்து பிறப்பிலும், மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25இலும் மட்டுமே எல்லாரும் முழந்தாளிட வேண்டும். அன்றைய நெரிசலில் முழந்தாளிட ஏது இடம்? நின்றவர்கள் தோளோடு தோள் உரசி, ஒருவர் முதுகில் இன்னொருவர் கைவைத்து, எப்படியோ இறங்கினார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இறங்க முடியாமல் தடுமாறியபோது, பக்கத்திலிருந்த முன்பின் அறியாத இளைஞன் அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தானும் சேர்ந்து இறங்கினான். சில நொடிகள்தாம். அந்த நொடிகளில் கோயிலின் தரை கண்ணுக்குத் தெரியவே இல்லை. பழைய சுவர் எந்த இடத்தில் நின்றது என்று மாமா சாயங்காலம் காட்டிய இடத்தை நானும் தேடினேன், மனிதர்களின் முதுகுகள்தாம் தெரிந்தன.

பூசை முடிந்து பாலன் சுரூபத்தை முத்தி செய்ய வரிசை வாசல் வரை நீண்டது. உபதேசியார் ஒவ்வொரு முத்தத்துக்கும் பின் பாலனின் பாதத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் முறை வந்தபோது மணி ஒன்றரை தாண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சுக்குக் காப்பிக்கு அடுப்பு மூட்டினார். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வந்தன. மூன்று ராஜாக்களை அவர் இன்னும் குடிலுக்குள் விடவில்லை. அவர்கள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சித் திருநாளுக்குத்தான் வந்து சேர வேண்டுமென்று அலமாரியின் மேல் வரிசையாக நிறுத்தி, நாளுக்கொரு சாண் நகர்த்தப் போவதாகச் சொன்னார். நான் கொண்டுவந்த தட்டைக் குடிலின் முன் வைத்தேன். பேருந்தில் ஜன்னல் பக்கமே வெளிச்சம் பட்டதாலோ, மடியில் சாய்த்தே வைத்திருந்ததாலோ, பயிர் முழுவதும் ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை அரை வட்டம் திருப்பி, சாய்ந்த பயிர் முன்னணையின் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு, மாமாவிடம் பாலனைக் கொடுத்தார். மாமாவின் கை நடுங்கியது. மரியாவின் சேலை நுனியில் பாலனின் விரல் ஒரு முறை தட்டியது. பிறகு வைக்கோலில் சரியாகவே கிடத்தினார்.